தொலைபேசிக் கம்பியில் வரும் மின்சாரத்தைக் கொண்டு சிறு சுற்றுகளை இயக்கும் முறை

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபின், மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்த பகுதிகளில் பல நாள்கள் மின்சாரம் இல்லை. அத்தகைய வேளையிலும், செப்புக் கம்பி அறுபடாமல் இருந்து, தொலைபேசி நிலையமான எக்ஸ்சேஞ்சும் இயங்கினால், சுருள்கம்பி வைத்த பழைய தொலைபேசியில் பேசலாம். அதற்கான மின்சாரம் வீட்டிலிருந்து எடுக்கப்படுவதன்று. எக்ஸ்சேஞ்சிலுள்ள மின்கல அடுக்கிலிருந்து அதே இரட்டைக் கம்பி வழியாக வருவது. அந்த மின்சாரத்தில் சிறு விளக்கையோ சிறு கட்டுப்பாட்டு மின்சுற்றையோ இயக்குவது எப்படி என்பதை இங்கு விளக்குகிறேன்.

ரிசீவர் வைக்கப்பட்டிருக்கும்போது இரு கம்பிகளுக்கும் இடையே ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் (டி.சி.) இருக்கும். இது 2 வோல்ட் ஈயக்கலங்கள் 24 சேர்ந்து தருவது. நேர்முனையை மண்ணுடன் இணைத்து, மற்ற கம்பியை எதிர்மறை 48 வோல்ட்டில் வைத்திருப்பதற்குக் காரணம், ஈர மண்ணில் செம்பு மின்பகுப்பால் அரிக்கப்படுவதைக் குறைப்பதே. ரிசீவரை எடுத்ததும் 20 முதல் 60 மில்லி ஆம்பியர் வரை ஓடத் தொடங்கி, தொலைபேசியின் முனையில் மின்னழுத்தம் 10 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். மணியடிக்கும்போது 75 வோல்ட் அளவிலான 25 ஹெர்ட்ஸ் மாறுமின்னழுத்தம் (ஏ.சி.) இதன்மேல் ஏறி வரும். எக்ஸ்சேஞ்ச் உங்கள் தொலைபேசியின் நிலையை அறிவது கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைக் கொண்டுதான். ஆகவே, எவ்வளவு எடுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் சுற்றின் தேவையன்று, அந்த நேரத்தில் கம்பி இருக்கும் நிலை.

ரிசீவர் எடுக்கப்பட்டிருக்கும் நிலையே மிகத் தாராளமானது. தொலைபேசிக்குச் செல்லும் கம்பிகளில் ஒன்றை வெட்டி, வெட்டிய இரு முனைகளையும் நான்கு 1என்4007 டயோடுகளால் ஆன பாலத்தின் (மின்னோட்டம் எத்திசையில் வந்தாலும் ஒரே திசையில் தரும் அமைப்பு) மாறுமின் முனைகளில் இணைக்க வேண்டும். பாலத்தின் நேர், எதிர் முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தைக் குறிப்பிட்ட அளவில் நிறுத்தும் 5.1 வோல்ட், 1 வாட் செனர் டயோடு ஒன்றையும், அதற்கு இணையாக 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் வைத்தால், பேசும் நேரம் முழுவதும் அங்கே 5 வோல்ட் கிடைக்கும். மின்தேக்கி பேச்சொலியைத் தடையின்றிக் கடத்திவிடுவதால் குரல் மங்குவதில்லை. இதற்கு விலையாகக் கம்பியில் ஏறத்தாழ 6.5 வோல்ட் குறைகிறது. எக்ஸ்சேஞ்சின் உள்தடை 400 ஓம், தொலைபேசி 300 ஓம், மூன்று கிலோமீட்டர் கம்பி போகவர 500 ஓம் என்று கொண்டால், 40 மில்லி ஆம்பியராக இருந்த ஓட்டம் 35 அளவுக்குத்தான் இறங்குகிறது. அதை எக்ஸ்சேஞ்ச் பொருட்படுத்தாது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வெகுதொலைவில் உள்ள சிற்றூர்களில், ஓட்டம் முன்பே 20 மில்லி ஆம்பியரை ஒட்டியிருந்தால், இம்முறையைக் கைவிடுவதே நல்லது. உங்கள் சுற்று கேட்கும் மின்னோட்டம் கம்பியில் ஓடுவதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மீதியைச் செனர் விழுங்கிக்கொள்ளும்.

ரிசீவர் வைக்கப்பட்ட நிலையில் நிலைமை தலைகீழ். அமெரிக்க விதிமுறை இந்நிலையில் குறைந்தது 5 மெகா ஓம் தடையைக் கேட்கிறது. அதாவது 48 வோல்ட்டில் 10 மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடையே 10 மெகா ஓம் என்பதால், அளப்பதற்காக அதைக் கம்பியில் வைத்தாலே அது 5 மைக்ரோ ஆம்பியர் எடுத்துக்கொள்கிறது. உங்கள் சுற்றுக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான் பங்கு என்று மனத்தில் கொள்ளலாம். இம்முறை கம்பியை வெட்டாமல், பாலத்தின் மாறுமின் முனைகளை இரு கம்பிகளுக்கும் குறுக்கே இணைத்து, அதற்குப் பின் 10 மெகா ஓம் மின்தடை வழியாக ஒரு மின்தேக்கியை மெல்ல நிரப்பி, அதிலிருந்து மிகக் குறைந்த மின்னோட்டத்தில் இயங்கும் 4000 வரிசை சீமாஸ் (CMOS) சில்லு ஒன்றை இயக்கலாம். இங்கே பலர் மின்தேக்கிக்கு இணையாக 4.7 வோல்ட் செனரைப் போட்டுவிட்டு மின்னழுத்தம் ஏறவில்லையே என்று திகைப்பதுண்டு. குறைந்த வோல்ட் செனர்கள் இவ்வளவு சிறிய ஓட்டத்தில், தம் அளவை எட்டும் முன்பே கசியத் தொடங்கிவிடும். 10 வோல்ட் செனரோ தன் அளவை ஒட்டித்தான் கடத்தத் தொடங்கும் என்பதால் அதையே வைக்கலாம். அந்தச் சில்லுகளும் 15 வோல்ட் வரை தாங்கும். மின்தேக்கியிலும் இதே தொல்லை உண்டு: பெரிய எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் கசிவே வரும் ஓட்டத்தை முழுதும் தின்றுவிடக்கூடும் என்பதால், கசிவு குறைந்த சிறிய மின்தேக்கியே போதும்.

மணியடிக்கும்போது விளக்கு எரிய வேண்டுமானால் வேலை எளிது. 0.47 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் பாலியெஸ்டர் மின்தேக்கி, 10 கிலோ ஓம் அரை வாட் மின்தடை, ஓர் எல்.ஈ.டி. ஆகியவற்றை இரு கம்பிகளுக்கிடையே தொடராக இணைத்து, எல்.ஈ.டி.க்கு இணையாக, எதிர்த்திசையில் 1என்4148 டயோடு ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். நான்கைந்து மில்லி ஆம்பியர் ஓடும். விளக்கு மணியின் தாளத்திலேயே துடிக்கும். மின்தேக்கியை விட்டுவிட்டு மின்தடையை மட்டும் வைத்தால், நேர்மின்னோட்டம் ஓடி, ரிசீவரை எடுத்துவிட்டதாக எக்ஸ்சேஞ்ச் கருதக்கூடும்.

எந்தச் சுற்றாயினும் வீட்டு மின்சாரத்துடனோ, கணினியுடனோ, மண் இணைப்புடனோ அது நேரடியாகச் சேரக் கூடாது. வெளியே செய்தி தர வேண்டுமானால் மின் தொடர்பின்றி ஒளியால் செய்தியைக் கடத்தும் பிசி817 போன்ற ஒளி இணைப்பியின் வழியே தர வேண்டும். இடியிலிருந்து காக்கக் கம்பிகளுக்கிடையே, மிகை மின்னழுத்தத்தைத் தடுக்கும் வேரிஸ்டர் வைப்பவர்கள், மணியின் உச்சம் 48 வோல்ட்டுடன் சேர்ந்து 150 வோல்ட்டைத் தாண்டும் என்பதை நினைவில் கொண்டு, 200 வோல்ட்டுக்கு மேற்பட்டதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மணி வரும் நேரத்தில் ஈரக் கையால் கம்பியைத் தொட்டால் நன்றாகவே அதிரும்.

சேவை நிறுவனத்தின் கம்பியில் அனுமதியின்றி வீட்டில் செய்ததை இணைக்கக் கூடாது. சோதனைக்கு அது தேவையும் இல்லை. நான்கு 12 வோல்ட் மின்கலங்களைத் தொடராக இணைத்து, ஒரு சிறு ஃபியூஸ் போட்டு, இரு முனைகளிலும் 220 ஓம், 5 வாட் மின்தடை ஒவ்வொன்றை வைத்தால், மேசைமேலேயே ஓர் எக்ஸ்சேஞ்ச் கிடைத்துவிடும். கூடுதலாக 470 ஓம் சேர்த்தால் அது மூன்று கிலோமீட்டர் தொலைவுக்குச் சமம். ஒளியிழைக்கு மாறிய வீடுகளில் தொலைபேசிக்கு மின்சாரம் தருவது சுவரிலுள்ள பெட்டி என்பதால், வீட்டு மின்சாரம் போனால் உங்கள் சுற்றும் அணைந்துவிடும்.

கடலூர் முதுநகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றால் இணைப்புப் பெட்டியின் திருகுகளே பச்சைக் களிம்பேறிவிடும். பலகையின்மேல் படியும் ஈர உப்பு 10 மெகா ஓம் மின்தடைக்கு இணையான ஒரு கள்ளவழியாகிவிடும். பற்றவைத்தபின் பலகையில் எஞ்சும் ஈயப்பற்றுப் பிசினை ஸ்பிரிட்டால் துடைத்து, உலர்த்தி, வார்னிஷ் பூச வேண்டும். பிறகு, ரிசீவர் வைத்த நிலையில், சுற்றுக்குத் தொடராக 100 கிலோ ஓம் மின்தடை வைத்து அதன் குறுக்கே அளந்தால், 5 மைக்ரோ ஆம்பியருக்கு அரை வோல்ட் காட்டும். அதே அளவை ஐப்பசி மழை பெய்யும் ஒரு விடியற்காலையில் மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். 1 வோல்ட்டைத் தாண்டினால் பலகையை மறுபடி துடைத்துப் பூசுங்கள்.