"நான் சும்மா பாத்துக்கிடுதேன்" என்பவர்களுக்கு: பலர் சேர்ந்து தங்கும் வாடகை வீட்டைச் சட்டப்படி நடத்துவது எப்படி?

குமரி மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு வீடாவது இப்படி இருக்கும். வீட்டுக்காரர் குவைத்திலோ துபாயிலோ இருப்பார். சாவி ஊரில் இருக்கும் தம்பியிடமோ மச்சானிடமோ இருக்கும். வாடகை வாங்குவது, மோட்டார் போடுவது, ஒருவர் காலி செய்தால் அடுத்தவரைச் சேர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கேட்டால், "நான் சும்மா பாத்துக்கிடுதேன், வீடு அவருக்குள்ளதுல்லா" என்பார்.

நானும் அப்படிச் சொன்னவன்தான். ஆசாரிபள்ளத்தில் மருத்துவக் கல்லூரிக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் அண்ணன் வீட்டை 2015 முதல் பார்த்து வருகிறேன். மாடியில் நான்கு செவிலியர்கள் சேர்ந்து தங்கியிருக்கிறார்கள். கீழே வேலைக்குப் போகும் பையன்கள் ஐந்து பேர். சட்டத்தில் 'சும்மா' என்று ஒரு வேலை கிடையாது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. வாடகையை வாங்கி, ரிப்பேர் பார்த்து, நோட்டீஸ் கொடுப்பவருக்குச் சொத்து மேலாளர் என்று பெயர். அவருடைய கடமைகளைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. புதிதாகச் சாவி கைக்கு வந்தவர்கள் கீழே உள்ள வரிசையில் செய்து பாருங்கள்.

படி 1: முதலில் உங்களுக்கே ஒரு காகிதம் வாங்குங்கள்

வீட்டுக்காரர் போனில் "நீ பாத்துக்கோ" என்று சொன்னது போதாது. வாடகை ஒப்பந்தத்தில் அவருக்காக நீங்கள் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் பொது அதிகார ஆவணம், அதாவது பவர், தேவை. வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பவரில் என்னென்ன செய்யலாம் என்பதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்: வாடகை வசூல், ரசீது, ஒப்பந்தம், ரிப்பேர், வாடகை அதிகாரி (வாடகை விவகாரங்களைப் பார்க்க அரசு நியமித்தவர்) முன் ஆஜராவது. வீட்டை விற்கும் அதிகாரம் உங்களுக்குத் தேவையில்லை. அதைச் சேர்க்காமல் இருப்பது உறவுக்கும் நல்லது.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் வாடகைக்கு வருமான வரி பிடித்தம் பற்றிய விதிகளும் இருக்கின்றன. ஒரு ஆடிட்டரிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள்.

படி 2: உங்கள் வீடு எந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்று பாருங்கள்

இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டையோ மாடியையோ வாடகைக்கு எடுத்தால் அது குடியிருப்பு வாடகை. அதற்கு உரியது தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் குத்தகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. லாட்ஜ், தங்கும் விடுதி போன்றவை இந்தச் சட்டத்தில் வராது.

ஆனால், கட்டில் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்கி, பெண்களையோ குழந்தைகளையோ தங்க வைத்து விடுதியாக நடத்தினால் கதையே வேறு. 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்துவது குற்றம். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, சமையல் உண்டென்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு என்று ஆவணங்களைத் திரட்டவே நாள் பிடிக்கும். வேலைக்குப் போகும் பெண்கள் என்றால் நாகர்கோவிலில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். "நாலே நாலு கட்டில்தான், இதுக்கெல்லாம் எதுக்கு" என்று விட்டுவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2024 செப்டம்பர் 12 அன்று விடியற்காலையில் மதுரை கட்றாபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்தது. தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அன்றே உயிரிழந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று மாடிக்குப் போய், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பிரிட்ஜை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். படிக்கட்டுக்குப் பக்கத்தில், வெளியேறும் வழியிலேயே இருந்தது. அன்றைக்கே மாற்றினோம்.

படி 3: ஒப்பந்தத்தில் எல்லோர் பெயரையும் எழுதுங்கள்

2017 சட்டப்படி எந்த வாடகையும் எழுத்து ஒப்பந்தமாக இருக்க வேண்டும். எத்தனை மாதத்துக்கு என்பது முக்கியமில்லை. எழுதிய 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கென்று தமிழக அரசின் வாடகைப் பதிவு இணையதளம் இருக்கிறது. வீட்டுக்காரரோ குடியிருப்பவரோ யார் வேண்டுமானாலும் பதியலாம், பதிவெண் ஒன்று கிடைக்கும். ஒப்பந்தக் காலம் ஒரு வருடத்தைத் தாண்டினால் சார்பதிவாளர் அலுவலகப் பதிவும் வேண்டும்.

மேலாளராகிய உங்கள் பெயர், முகவரி, உங்களுக்கு என்ன அதிகாரம் என்பவையும் அந்த ஆவணத்தில் இருக்கட்டும். யாரிடம் கேட்பது என்று குடியிருப்பவருக்குத் தெரிய வேண்டும்.

சேர்ந்து தங்கும் வீடுகளில் வரும் பெரிய சிக்கல், ஒருவர் பெயரில் ஒப்பந்தம் போட்டுவிட்டு ஐந்து பேர் இருப்பது. கையெழுத்துப் போட்டவர் ஆறு மாதத்தில் போய்விடுவார். மற்ற நான்கு பேருக்கும் கையில் ஒரு காகிதமும் இருக்காது. உள்வாடகைக்கு வீட்டுக்காரரின் எழுத்து சம்மதம் முன்கூட்டியே வேண்டும் என்கிறது சட்டம். அதனால் தங்கும் எல்லோரையும் கூட்டு வாடகைதாரர்களாகச் சேர்த்துவிடுங்கள். ஒருவர் மாறினால் துணை ஒப்பந்தம் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். அரை நாள் வேலைதான்.

வட மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்திருப்பவர்கள் என்றால், ஒப்பந்தத்தில் இருப்பதை இந்தி தெரிந்த ஒருவரை வைத்து வாசித்துச் சொல்லுங்கள். புரியாமல் போட்ட கையெழுத்தை வைத்து ஒருவரைக் கட்டிப்போடுவது நியாயமில்லை. ஆள் யார் என்று உறுதிசெய்ய வேண்டுமென்றால் தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவையில் வாடகைதாரர் சரிபார்ப்பு இருக்கிறது. அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள், மொழி பார்த்துச் செய்யாதீர்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரங்களை, முன்பு 'படிவம் சி' என்று இருந்த படிவத்தில், இணையத்தில் பதிய வேண்டும்.

படி 4: ஒரு நோட்டுப் புத்தகம், காகிதத்தில்

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அந்தக் காற்றை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டு முற்றத்துப் பலாமரம் மாடிப் படிக்கட்டின் மேல் விழுந்தது. கரண்ட் இல்லை, கொஞ்ச நேரத்தில் போனும் செத்துவிட்டது. தங்கியிருந்தவர்களின் வீட்டு நம்பர்கள் எல்லாம் அந்தப் போனுக்குள்தான் இருந்தன. அன்று இரவுப் பணியில் யார், வீட்டுக்குள் யார் என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. மாடியில் இருந்த பெண்ணின் அப்பா மறுநாள் குலசேகரத்திலிருந்து மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே வந்து சேர்ந்தார். மகளைப் பார்த்த பிறகுதான் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவருடைய முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் ஒரு நீளமான நோட்டு வாங்கினேன். பெயர், சொந்த ஊர், வேலை இடம், வீட்டார் இரண்டு பேரின் நம்பர், ரத்த வகை, தினமும் சாப்பிடும் மருந்து இருந்தால் அதுவும். ஆதார் நகல் வாங்கினால் முதல் எட்டு எண்களை மறைத்த நகலே போதும். நோட்டைப் பூட்டி வையுங்கள். பிள்ளைகளின் நம்பரை இன்னொருவருக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

படி 5: பணம்

வாடகை வாங்கினால் ரசீது. ஜி-பேயில் வந்தாலும் ரசீது. மேலாளரின் கடமைகளில் முதலாவதாகச் சட்டம் சொல்வது இதைத்தான். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. கரண்ட் பில்லை எப்படிப் பங்கிடுவது என்பதை முதல் நாளே எழுதி, பில்லின் நகலைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பாதிச் சண்டை குறைந்துவிடும்.

படி 6: தண்ணீர், கரண்ட், ரிப்பேர்

வாடகை பாக்கி என்றால் மோட்டாரை நிறுத்துவது, பியூஸைப் பிடுங்குவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. இது சட்ட விரோதம். தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, கழிவறை, துப்புரவு போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரரும் நிறுத்தக்கூடாது, மேலாளரும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் போகலாம். அவர் உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட முடியும். பாக்கிக்கு வழி, எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, உரிய இடத்தில் மனுப் போடுவது. "அண்ணன் சொன்னாரு, அதான் நிறுத்துனேன்" என்பது அங்கே எடுபடாது.

ரிப்பேரை ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பிரிக்காவிட்டால், சட்டத்தின் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது. சுவர், கூரை, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பக்கம். குழாய் வாசர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, வடிகால் சுத்தம் எல்லாம் குடியிருப்பவர் பக்கம். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, சுவர் ஈரம் காயவே காயாது. ஆகவே வயரிங்கை மே மாதத்திலேயே எலக்ட்ரீசியனை வைத்துப் பாருங்கள். மின்கசிவு வந்தால் தானாக அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. கருவி இல்லாத பழைய வீடு என்றால் இந்த வாரமே போடுங்கள். அண்ணனிடம் பணம் கேட்கத் தயங்கினேன் என்று பிறகு வருந்துவதில் பயனில்லை.

செப்டிக் டேங்க் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2016 மழையில் எங்கள் டேங்க் நிறைந்து, பின்புறம் நிற்க முடியவில்லை. ஒருவர் வந்து, "வண்டிக்கு ஏன் செலவு? நான் இறங்கி அள்ளித் தாரேன்" என்றார். குறைந்த கூலிதான் கேட்டார். நான் சரி சொல்லப் போனேன். கீழ்வீட்டுப் பையன் ஒருவன் ஓடி வந்து தடுத்தான். அவனுடைய ஊரில் இரண்டு பேர் விஷவாயுவில் இறந்ததை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். அந்தப் பையனுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதரை டேங்கில் இறக்குவது, கையால் கழிவு அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு வைத்தவர் என்ற இடத்தில் நிற்கப்போவது நீங்கள்தான். 14420-க்குப் போன் செய்து உரிமம் உள்ள வண்டியை வரவழையுங்கள்.

சமையலறையில் கவனிக்க ஒன்று: நீங்களே உணவு சமைத்துக் கொடுத்து நடத்தும் விடுதி என்றால் 19 கிலோ வணிக சிலிண்டர்தான். வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரை வைத்து நடத்தக்கூடாது.

படி 7: கதவைத் தட்டுவதற்கு முன்

சாவி இருக்கிறது என்பதற்காக உள்ளே போகக்கூடாது. ரிப்பேருக்கோ பார்வையிடவோ போக வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் காரணத்தையும் நேரத்தையும் சொல்ல வேண்டும். காலை 7 முதல் இரவு 8 வரைதான் நேரம். பெண்கள் தங்கியிருக்கும் வீட்டுக்கு வீட்டுப் பெண்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். நான் என் மனைவியோடுதான் போவேன்.

கேமரா கேட் பக்கமும் படிக்கட்டு வாசலிலும் போதும். குளியலறை, அறை, துணி காயப்போடும் இடம் பக்கம் திரும்பவே கூடாது. பெண்களின் அந்தரங்கத்தைப் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் சிறைக்குரிய குற்றம். வாசலுக்கு உள்பக்கம் 112 (அவசர உதவி), 181 (பெண்கள் உதவி), 108 (ஆம்புலன்ஸ்) ஆகிய எண்களைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

படி 8: யாருக்காவது காய்ச்சல் என்றால்

1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் தங்கும் விடுதி நடத்துபவர் மீது ஒரு கடமையை வைத்திருக்கிறது: தொற்று நோய் என்று தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ சுகாதாரத் துறைக்குச் சொல்ல வேண்டும். டெங்கு, எலிக்காய்ச்சல் எல்லாம் மழைக்குப் பின் இங்கே வருவதுதான். மறைத்தால் அடுத்த அறைக்கும் போகும். வீட்டைக் காலி செய்யச் சொல்வது தீர்வு இல்லை. தொட்டியை மூடுங்கள், சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள், வீட்டாருக்குப் போன் போடுங்கள். நோட்டில் நம்பர் இருக்கும்.

படி 9: காலி செய்யும் நாள்

சேரும் நாளில் எடுத்த போட்டோக்களை வைத்துக்கொண்டு இருவருமாக வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பிடித்தம் உண்டென்றால் எதற்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். மீதி முன்பணத்தை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். புது ஆள் வந்தால்தான் பணம் என்று இழுத்தடிக்கக்கூடாது. தூரத்து ஊரிலிருந்து வந்த பிள்ளைக்கு அந்தப் பணம்தான் அடுத்த வீட்டுக்கு முன்பணம். அவர் பையைத் தூக்குவதற்கு முன், நீங்கள் வைத்திருந்த ஆதார் நகலை அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.