ஸ்பானிஷில் 'என்னுடைய', 'உன்னுடைய' சொல்வது எப்படி?

முதலில் ஒன்றை மனசில் பதிய வையுங்கள்: ஸ்பானிஷில் உடைமைச் சொல்லின் ஒருமை, பன்மை, பால் எல்லாம் பொருளைப் பார்த்துத்தான் மாறும். ஒரு புத்தகம் என்றால் மி லீப்ரோ, பல என்றால் மிஸ் லீப்ரோஸ். 'எங்கள்' என்பதில் பாலும் சேர்ந்துகொள்ளும், அதனால் பேசுகிறவர்கள் எல்லாரும் ஆண்களாக இருந்தாலும் வீடு பெண்பால் என்பதால் நுவெஸ்த்ரா காசாதான். சு தான் கொஞ்சம் தொல்லை. அவன், அவள், அவர்கள், நீங்கள் எல்லாருக்கும் அதுவே. குழப்பம் வந்தால் எல் கோச்சே தே எய்யா, அதாவது அவளுடைய கார், என்று உடைத்துச் சொல்லுங்கள்.

பொருளின் பெயரை விட்டுவிட்டு 'என்னுடையது' என்றால் எல் மீயோ, லா மீயா. யாருடையது என்று மட்டும் சொல்ல ஏஸ் மீயோ போதும்.

அப்புறம், கை கழுவினேன் என்பதற்கு மே லாவே லாஸ் மானோஸ். அங்கே மிஸ் சேர்க்காதீர்கள்.