கெச்சப் வரலாறு: பலரும் தடுக்கி விழும் இடங்கள்

கெச்சப் என்ற சொல்லின் பூர்வீகத்தைத் தேடப் போகிறவர்கள், முதலில் தக்காளியை மறந்துவிட வேண்டும். இதில் நடக்கும் தவறுகளில் பாதி, இன்றைய பாட்டிலை மனதில் வைத்துக்கொண்டு பழைய சொல்லைப் படிப்பதால்தான் வருகிறது.

நல்ல உதாரணம் ஒன்று. சீனாவின் கான்டனீஸ் மொழியில் தக்காளிச் சாற்றை 'கெ-ஜப்' என்பார்கள். ஒலி அப்படியே பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. இதுதான் மூலம் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். ஆனால் இந்தச் சொல் ஆங்கிலத்தில் 1690களிலேயே அச்சேறிவிட்டது. அன்றைய அகராதி ஒன்று இதைக் கிழக்கிந்திய சாஸ் என்கிறது. தக்காளி கெச்சப்புக்கு அச்சில் வந்த முதல் செய்முறையாகக் கருதப்படுவதோ, பிலடெல்பியாவின் ஜேம்ஸ் மீஸ் 1812ல் எழுதியது. நூறு வருடத்துக்கும் மேல் இடைவெளி! ஒலியை நம்புவதற்கு முன் வருடத்தைப் பாருங்கள்.

பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பது தென் சீனாவின் ஹொக்கியன் மொழியின் 'கெ-சியாப்' என்ற சொல்லை. ஊறவைத்த மீனிலிருந்து எடுக்கும் உப்புச் சாறு அது. மலாயில் சோயா சாஸுக்குச் சொல்லும் 'கெச்சாப்'பும் இதோடு உறவுடையதே. ஆகவே மலாய் மொழியா, சீன மொழியா என்று கட்சி பிரிந்து சண்டை போடத் தேவையில்லை. மலாய் வழியாகவும் ஆங்கிலத்துக்கு வந்திருக்கலாம்.

அடுத்தது, 1700களின் ஆங்கிலச் சமையல் குறிப்பில் கெச்சப் என்று கண்டதும் சிவப்புக் குழம்பைக் கற்பனை செய்வது. அன்று அது பெரும்பாலும் காளான். காளானை உப்புப் போட்டு ஊறவைத்து, விட்ட நீரைப் பிழிந்து, கிராம்பும் மிளகும் ஜாதிபத்திரியும் சேர்த்துக் காய்ச்சி வடிகட்டுவார்கள். கறுப்பாக, தண்ணீர் போல இருக்கும். சுவைக்காகக் கொஞ்சமாக ஊற்றிக்கொள்வது. வால்நட்டிலும் சிப்பியிலும்கூடச் செய்தார்கள்.

ஆங்கிலத்தில் 'கேட்சப்' (catsup) என்ற எழுத்துக்கூட்டல் பிழை என்று திருத்துவதும் வேண்டாம். அதுவும் பழையதுதான், 1730லேயே இருக்கிறது.

அப்புறம், ஹெய்ன்ஸ் கம்பெனிதான் கண்டுபிடித்தது என்ற பேச்சு. அவர்கள் தக்காளி கெச்சப் விற்க ஆரம்பித்தது 1876ல். அதற்கு முன்பே பலர் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஹெய்ன்ஸுக்குச் சேர வேண்டிய பெருமை வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கெடாமலிருக்க மற்றவர்கள் சேர்த்த சோடியம் பென்சோயேட்டை விட்டுவிட்டு, நன்கு பழுத்த தக்காளியோடு வினிகரையும் சர்க்கரையையும் கூட்டினார்கள். நாம் இன்று அறிந்த கெட்டியான, இனிப்பும் புளிப்புமான கெச்சப் நிலைபெற்றது அப்படித்தான்.