பிரிஸ்ரலில் ஒரு நாள்: கப்பல், பாலம், பழைய பப்புகள்

லண்டனில் இருக்கிற பிள்ளைகளிடம் போகும் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பலர் ஈஸ்ற்ஹாம், வெம்ப்ளி, கோயில், கலியாண வீடு என்றே ஆறு மாத விசாவையும் முடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதில் ஒரு நாளை, இங்கிலாந்தின் மேற்கே உள்ள துறைமுக நகரான பிரிஸ்ரலுக்கு ஒதுக்குங்கள். பாடிங்ரனில் ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணித்தியாலத்தில் பிரிஸ்ரலின் ரெம்பிள் மீட்ஸ் நிலையம். ரிக்கற்றைச் சில கிழமைகளுக்கு முன்பே எடுங்கள். அன்றன்று காலையில் எடுத்தால் விலை பல மடங்கு. திங்கட்கிழமை வேண்டாம், எம் ஷெட் அருங்காட்சியகம் பூட்டு.

முதலில் எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன். பொறியியலாளர் புரூனல் வடிவமைத்து 1843 இல் நீரில் இறக்கிய 98 மீற்றர் இரும்புக் கப்பல். தென் அத்திலாந்திக்கின் போக்லண்ட் தீவில் கைவிடப்பட்டுக் கிடந்ததை, 1970 இல், கட்டிய அதே உலர்துறைக்கே (தண்ணீரை வெளியேற்றிக் கப்பல் கட்டும் பள்ளம்) கொண்டுவந்து சேர்த்தார்கள். மேல்தளத்துக்கு ஏறமுன் கீழே உலர்துறைக்குள் இறங்குங்கள். தலைக்கு மேல் கண்ணாடி, அதன்மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம். அடியில் காற்றின் ஈரப்பதன் 20 சதவீத அளவில் வைக்கப்பட்டிருக்கிறது. இரும்புக்குள் ஊறிய கடலுப்பு, ஈரம் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை துருவை நிற்கவிடாது. பருத்தித்துறைக் கடற்கரை வீடுகளில் கேற்று உதிர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை உடனே விளங்கும்.

வெளியே துறைமுகத் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஏவன் ஆற்றிலோ வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் 12 மீற்றரைத் தாண்டும். நம் கடலில் ஒரு மீற்றர்கூட இல்லை. முன்பு வற்றில் கப்பல்கள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. 1809 இல் மதகுக் கதவுகள் போட்டு நீரை மறித்தபின்தான் அந்த வில்லங்கம் தீர்ந்தது. அந்தச் சேற்றை இன்றும் காண, வற்று நேரம் பார்த்து, ஏவனுக்கு மேலே உள்ள 1864 இன் கிளிப்ரன் தொங்குபாலத்துக்குப் போங்கள். நடப்பவர்களுக்கு இலவசம். ஏற்றப் பாதை, முழங்கால் நோ உள்ளவர்கள் பஸ்ஸில் போவது நல்லது. குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டத் தொடங்கும், ஆகவே பாலத்தைப் பிந்தவிட வேண்டாம்.

எம் ஷெட்டும் இலவசம். அடிமை வியாபாரத்தில் பணம் சேர்த்த கோல்ஸ்ரனின் சிலையை 2020 ஜூன் 7 அன்று மக்கள் இழுத்து விழுத்தித் துறைமுகத்துக்குள் தள்ளினார்கள். அதே சிலை, பூசிய பெயின்ற்றோடு இங்கே படுத்துக் கிடக்கிறது.

அந்தக் கதையின் மறுபாதி ஒரு பப்பில் இருக்கிறது: தோமஸ் ஒழுங்கையில் உள்ள செவன் ஸ்ரார்ஸ். 1787 இல் அடிமைக் கப்பல்களைப் பற்றிச் சான்று திரட்ட வந்த, அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய தோமஸ் கிளார்க்சனை, மாலுமிகள் கூடும் இடங்களுக்கு இரவில் கூட்டிப்போனவர் இதன் உரிமையாளர்தான். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதற்கே போங்கள். இன்னொன்றுக்கும் நேரம் இருந்தால் கிங் வீதியில் 1664 இன் லாண்டோகர் ட்ரோ. அதன் ஐந்து முக்கோண முகப்புகளில் இரண்டு இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் போயின. வீதி முழுக்கக் கல் பதித்தது. மழை பெய்தால் வழுக்கும், குதிச் செருப்பு ஆகாது.

பப் என்றதும் தவறணையை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்கள், வயதானவர்கள் எல்லோரும் போய் இருக்கலாம், குடிக்காமலும் இருக்கலாம். பிள்ளைகளை எல்லா இடத்திலும் விடமாட்டார்கள், வாசலில் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் மேசைக்கு யாரும் வந்து கேட்கமாட்டார்கள். மேசை இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கட்ட வேண்டும். இளவயதுத் தோற்றம் உள்ளவர்கள் 18 வயதைக் காட்ட அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். சைடரை அப்பிள் ஜூஸ் என்று நினைத்துவிடாதீர்கள். பியர் அளவுக்கோ அதற்கு மேலோ வெறிக்கும். முதற்தரம் என்றால் அரைப் பைன்ற், அதாவது 284 மில்லிலீற்றர், போதும்.

வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரர் கவனிக்க வேண்டியது சிப்ஸ். மீன் பொரித்த அதே எண்ணெயாக இருக்கலாம், சில இடங்களில் மாட்டுக் கொழுப்பிலும் பொரிப்பார்கள். ஓடர் கொடுக்கமுன் கேளுங்கள், முகம் சுளிக்காமல் சொல்வார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் பல குசினிகள் பூட்டு. இரண்டு மணிக்குள் போய்விட்டால் பசியோடு ரயில் ஏற வேண்டிவராது.