விக்டோரியா அருவி: படத்தைத் தேடிப் போய் அருவியைத் தவறவிடாதீர்கள்

ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் எல்லையில் ஜாம்பேசி ஆறு விழுகிற இடம்தான் விக்டோரியா அருவி. அகலம் 1,708 மீட்டர், உயரம் 108 மீட்டர். இவ்வளவு பெரிய அருவிக்குப் போய்விட்டு, "ஒண்ணுமே தெரியலை, ஒரே புகை" என்று முகம் சுருங்கித் திரும்புகிறவர்களும் உண்டு, "வெறும் பாறைதான் இருந்துச்சு" என்று புலம்புகிறவர்களும் உண்டு. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அவர்கள் அங்கே போன மாதம் வேறு, நின்ற கரை வேறு.

மாதத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அங்கே மழைக்காலம் நவம்பர் முதல் மார்ச் வரை, அப்படியென்றால் டிசம்பர், ஜனவரியில் அருவி பொங்கி வழியும் என்று கணக்குப் போட்டு டிக்கெட் எடுத்துவிடுகிறோம். ஆனால் அருவியில் விழும் தண்ணீரில் பெரும்பங்கு ரொம்ப தூரத்தில் பெய்த மழை. அங்கோலாவிலும் வடமேற்கு ஜாம்பியாவிலும் பெய்தது, நடுவில் பரோட்சே என்ற பெரிய வெள்ளச் சமவெளியில் பரவி, தேங்கி, மெதுவாக வடிந்து வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால் அருவிக்கரையில் மழை நின்ற பிறகுதான், ஏப்ரல் வாக்கில், தண்ணீர் உச்சத்துக்கு வரும். அக்டோபர், நவம்பரில் ரொம்பக் குறைந்துவிடும், வெயிலும் அப்போதுதான் மண்டையைப் பிளக்கும். ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பார்த்த ஸ்காட்லாந்துப் பயணி டேவிட் லிவிங்ஸ்டன் 1855-ல் இங்கே வந்தது நவம்பரில். அதனால்தான் அருவியின் விளிம்பில் இருக்கும் தீவு வரைக்கும் அவரால் படகில் வர முடிந்தது. ஏப்ரலில் வந்திருந்தால் அந்தப் பக்கம் படகைத் திருப்பியிருக்கவே முடியாது.

உச்ச வெள்ளத்தில் போனால் சாரல் 400 மீட்டருக்கு மேலேயும் எழும்பும். முழங்கும், நனைக்கும், ஆனால் எதிரே இருக்கும் அருவி பல நேரம் கண்ணில் படாது. அதுவும் ஒரு அனுபவம்தான், அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அருவியின் விளிம்பிலேயே உட்கார்ந்து எடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள், 'டெவில்ஸ் பூல்' என்பார்கள். அது தண்ணீர் வற்றியிருக்கும் காலத்தில் மட்டும், ஏறக்குறைய ஆகஸ்ட் பாதியிலிருந்து ஜனவரி பாதி வரை, வழிகாட்டியோடு போகிற இடம். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு ஏப்ரலில் போய் இறங்கினால் ஏமாற்றம்தான். வெள்ளமும் வேண்டும், அந்தக் குளமும் வேண்டும் என்றால் ஒரே பயணத்தில் நடக்காது. என்னைக் கேட்டால் ஜூன், ஜூலை. தண்ணீரும் இருக்கும், அருவியின் முகமும் தெரியும். காலையில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கரை. அருவி என்றால் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது நமக்குப் பழக்கம். இங்கே ஆறு தன் படுகையிலேயே குறுக்கே ஓடும் ஒரு பிளவுக்குள் விழுகிறது. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கரும்பாறையின் வெடிப்பு அது. நாம் நிற்பது பிளவின் எதிர் விளிம்பில், தண்ணீர் விழத் தொடங்கும் அதே உயரத்தில், நேருக்கு நேராக. ஜிம்பாப்வே பக்கம் நின்றால் அருவியின் பெரும்பகுதி கண்ணுக்குள் வரும். ஜாம்பியா பக்கம் பார்க்கக் கிடைப்பது குறைவு, ஆனால் ரொம்பக் கிட்டே. அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கத்து அருவி அநேகமாகக் காய்ந்து கிடக்கும். அந்த மாதங்களில் அந்தக் கரைக்கு மட்டும் போய்விட்டு அருவியைத் திட்டாதீர்கள்.

இரண்டு கரைக்கும் நடுவே 1905-ல் கட்டிய பாலம் இருக்கிறது, நடந்தே போகலாம். ஆனால் ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவோடு தாண்டினால், திரும்பி வரும்போது மறுபடி விசா எடுக்க வேண்டியிருக்கும். இரண்டு நாட்டுக்கும் சேர்த்து 'காசா' யூனிவிசா என்று ஒன்று உண்டு. உங்கள் பாஸ்போர்ட்டுக்குக் கிடைக்குமா என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை பற்றியும் விசாரித்துவிடுங்கள், இந்தியா திரும்பும்போது அதில் கறாராக இருப்பார்கள். மலேரியா உள்ள பகுதி என்பதால் டாக்டரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு அவசரம். பக்கத்து நாடான போட்ஸ்வானாவின் சோபே பூங்காவுக்கு சஃபாரி போகிற வழியில் இரண்டு மணி நேரம் இறங்கி, நாலு படம் எடுத்துவிட்டு வண்டியேறுவது. ஜிம்பாப்வே பக்கத்துப் பாதையில் மெதுவாக நடந்து பாருங்கள். கொஞ்ச தூரத்துக்கு முன்னால் வரை காய்ந்த புல்லும் புழுதியுமாக இருந்த இடம், சட்டென்று பெரணியும் கொடியும் அத்திமரமுமாக மாறிவிடும். அந்தச் சின்னக் காட்டை வளர்ப்பதே சாரல்தான். தலைக்கு மேலே மேகமே இல்லாமல் பளீரென்று வானம், ஆனால் சட்டை காலரிலிருந்து தண்ணீர் முதுகில் இறங்கும், இலைகள் சொட்டிக்கொண்டே இருக்கும். கீழே விழுந்த ஆறு மேலே ஏறி உங்கள் மேல் மழையாகப் பெய்கிறது. இது புரிகிற நேரத்தில் வாய்விட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. காலையில் ஒருமுறை, வெயில் சாய்ந்த பிறகு ஒருமுறை நடங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் வானவில் தெரியும், அது நேரத்துக்கு நேரம் இடம் மாறும். பாதை முடியும் டேஞ்சர் பாயிண்டில் தடுப்பு வேலி கிடையாது, பாறை வழுக்கும். செல்ஃபிக்காகப் பின்னால் நகரவே நகராதீர்கள்.

பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் நிலா வானவில் பார்க்கப் பூங்காவைத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் நிறைய இருக்கும் மாதமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலா மட்டும்தான். படத்தில் ஏழு வண்ணமும் தெரியும், வெறும் கண்ணுக்குச் சாம்பல் வெள்ளையாக ஒரு வளைவு. "இவ்வளவுதானா" என்று போனை எடுத்துவிடுகிறார்கள். டார்ச்சை அணைத்துவிட்டுக் கண் பழகும்வரை பொறுத்துப் பாருங்கள். எனக்கென்னவோ கேமரா காட்டுவதை விட அந்த வெளிறிய வளைவுதான் பிடிக்கிறது.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். வாசலில் ரெயின்கோட் வாடகைக்குக் கிடைக்கும், போட்டாலும் நனைவீர்கள். போன், பாஸ்போர்ட், பணம் மூன்றையும் தண்ணீர் புகாத பையில் போடுங்கள். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், அங்கே பபூன் குரங்குகள் பிடுங்குவதில் கில்லாடி. இரவில் ஊருக்குள் யானை வரும், பக்கத்துத் தெருவுக்கு என்றாலும் டாக்சிதான். சில்லறை டாலர் நோட்டுகள் இருக்கட்டும்.

ஹெலிகாப்டர் ஏறுவதாக இருந்தால் அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே மேலிருந்து பார்த்துவிட்டால் அருவி ஒரு வெள்ளைக் கோடாகச் சுருங்கிவிடும், அப்புறம் நடக்க மனம் வராது. நடந்து முடித்துவிட்டு மேலே போனால் வேறொன்று பிடிபடும். அருவிக்குக் கீழே ஆறு வளைந்து வளைந்து போகிறதே, அந்த மடிப்புகள் எல்லாம் முன்பு அருவி விழுந்த இடங்கள். பாறையை அரித்து அரித்து ஆறு பின்னால் நகர்ந்திருக்கிறது. மேற்கு ஓரத்தில் மற்ற இடங்களை விடத் தாழ்ந்திருக்கும் டெவில்ஸ் கேடராக்ட் பகுதியில் அடுத்த வெட்டு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அதைப் பார்க்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் நல்லது, ஆனால் ஹெலிகாப்டரில் எடையைப் பார்த்துத்தான் இடம் கொடுப்பார்கள், அடம்பிடித்துப் பயனில்லை.