இசைக்குழுவையும் வீட்டாரின் கைவேலையையும் படமெடுக்கும் முறை

சென்னையில் சிறு அரங்குகளிலும் கல்லூரி விழாக்களிலும் வாசிக்கும் இசைக்குழுக்கள் பலவும், யாரோ கைப்பேசியில் எடுத்த மங்கலான படத்தை வைத்தே சுவரொட்டி அடிக்கின்றன. அவர்களுக்கு முறையாகப் படமெடுத்துத் தருவதில் பெரிய ஊதியம் கிடைக்காது என்றாலும், தொழில் கற்க அதைவிட நல்ல களம் இல்லை. அங்கே பழகிய கண் வீட்டுக்குள்ளும் உதவும். மேடையில் இருக்கும் தவில்காரரானாலும் கொலு அடுக்கும் பாட்டியானாலும், கை ஒரு வேலையில் மூழ்கியிருக்கும்போதுதான் முகம் இயல்புக்கு வரும் என்பதே கீழே சொல்லப்படும் முறைகளுக்கெல்லாம் அடிப்படை.

முதலில் ஒத்திகைக்குப் போக வேண்டும். கச்சேரியன்று கூட்டத்தில் முண்டியடிப்பதைவிட, அதற்கு முந்தைய வாரம் குழுவினர் மாடியறையிலோ வாடகை ஸ்டூடியோவிலோ வாசித்துப் பார்க்கும்போது ஓரமாக உட்கார்ந்து கேட்பது அதிகப் பயன் தரும். பாடகர் எந்த இடத்தில் கண்ணை மூடுகிறார், கித்தார்க்காரர் எந்த வரியில் டிரம்ஸ் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார், பாட்டு எங்கே சட்டென்று நிற்கிறது என்பவற்றைக் குறித்துக்கொண்டால், மேடையில் அந்தக் கணம் வருவதற்குச் சற்று முன்பே கேமரா கண்ணருகே இருக்கும். பாடல் வரிசை எழுதிய தாளையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கடைசிப் பாட்டில்தான் எல்லோரும் குதிப்பார்கள் என்றால் மெமரி கார்டில் அதற்கு இடம் வைத்திருக்க வேண்டும்.

சிறு அரங்கின் வெளிச்சம் நம் கண்ணுக்குப் போதுமானதாகத் தோன்றினாலும் கேமராவுக்குப் போதாது. ஒளியை நிறைய உள்ளே விடும், விலை குறைந்த 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றே தொடக்கத்துக்குப் போதும். கேமராவின் ஒளியுணர் அளவான ஐஎஸ்ஓவை 3200 முதல் 6400 வரை தயங்காமல் ஏற்றலாம். படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் தெரிந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை, முகம் கலங்கியிருந்தால் சொல்வார்கள். ஃப்ளாஷ் கூடாது. அது கலைஞர்களின் கண்ணைக் கூச வைப்பதோடு, மேடை விளக்குகள் உண்டாக்கிய நிறத்தையும் அழித்துவிடும்.

இன்றைய மேடைகளில் பெரிய தொல்லை எல்இடி விளக்கு. அடர் நீலமும் அடர் சிவப்பும் முகத்தில் நேராக விழும்போது ஒரே ஒரு நிற அலைவரிசை மட்டும் நிரம்பி வழிந்து, கன்னமும் மூக்கும் வேறுபாடின்றி ஒரே நிறத் திட்டாகிவிடும். அப்படி வழிந்த இடத்தை, கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவான ரா கோப்பில் எடுத்திருந்தாலும் முழுமையாக மீட்க முடியாது. ஆகவே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவையும் தனித்தனியே காட்டும் கேமராவின் மூவண்ண வரைபடத்தைப் பார்த்து ஒளியைச் சற்றுக் குறைத்து எடுப்பதும், விளக்குக்காரர் வெள்ளையோ மஞ்சளோ போடும் நொடிக்காகக் காத்திருப்பதும்தான் வழி. கச்சேரிக்கு முன்பே விளக்குக்காரரிடம் போய், "அண்ணே, மெதுவான பாட்டுக்கு மட்டும் முன்பக்கம் கொஞ்சம் வெள்ளை வைக்க முடியுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார். அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்பதே உண்மை.

படத்தின் குறுக்கே கோடுகள் விழுவதும் விளக்குகளால்தான். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அதில் நேராக எரியும் விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடியாக வைத்தால் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகும். மங்கலாக்கப்பட்ட எல்இடி விளக்குகளின் துடிப்பு வேறு வேகத்தில் இருக்கக்கூடும் என்பதால், ஒலிச் சோதனையின்போதே நாலைந்து வேகங்களில் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தக் கோடுகள் மோசமாகத் தெரியும். மேடைக்கு மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது.

நிற்கும் இடத்தைப் பற்றி ஒன்று. பாடகருக்கு நேர் எதிரே நின்றால் மைக் வாயை மறைக்கும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் வாய், தாடை, கை மூன்றும் கிடைக்கும். டிரம்ஸ் வாசிப்பவர் எப்போதும் பின்னால் இருட்டில் இருப்பார், அவர் படம் யாரிடமும் இருக்காது. மேடையின் பக்கவாட்டுத் திரை ஓரத்திலிருந்து அவரை எடுத்துக் கொடுத்தால் அடுத்த நிகழ்ச்சிக்கு உங்களைக் கூப்பிடச் சொல்பவர் அவராகத்தான் இருப்பார். ஒலிபெருக்கி அருகே நிற்கும்போது காதடைப்பான் போட்டுக்கொள்ள மறக்கக் கூடாது.

பறைக் குழுவுக்கு அணுகுமுறை மாற வேண்டும். வாசிப்பதற்கு முன் வைக்கோலோ காகிதமோ கொளுத்தி, அந்த அனலில் பறையைக் காட்டித் தோலை விறைப்பாக்குவார்கள். அந்த வேளை அடவு கட்டி ஆடும் வேளைக்குக் குறைந்ததன்று. தீயின் வெளிச்சத்தைக் கேமரா அளந்தால் முகங்கள் கறுத்துப்போகும் என்பதால், தோலைத் தட்டிப் பார்த்துக் காது கொடுத்துக் கேட்பவரின் கன்னத்தில் ஒளியை அளக்க வேண்டும். ஆட்டம் தொடங்கியபின் 1/500 நொடியில் எடுத்தால் கால் காற்றில் நிற்கும். 1/60 நொடியில் எடுத்தால் மெல்லிய நீளக் குச்சியும் தடித்த குட்டைக் குச்சியும் கோடுகளாக இழுபட்டு, பறை மட்டும் ஓரளவு தெளிவாக நிற்கும். இரண்டாவது வகைப் படங்கள் பத்தில் ஒன்றுதான் தேறும், ஆனால் அடியின் வேகம் அதில்தான் தெரியும் என்பது என் கருத்து.

ஆட்கள் அதிகமான குழு என்றால் கூட்டுப்படம் தனிச் சிக்கல். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்திய, சாதி எதிர்ப்புப் பாடல்கள் பாடும் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் 19 பேர் இருந்தார்கள். கானா பாடகர்களும் பறையும் சட்டி மேளமும் கித்தாரும் ஒரே மேடையில் நின்றன. அத்தனை பேரை வரிசையாக நிறுத்தினால் பள்ளிக்கூடப் படமாகிவிடும். படிக்கட்டிலோ லாரியின் பின்பலகையிலோ உயரம் மாறி அமரவைத்து, ஒவ்வொருவர் கையிலும் அவரவர் கருவியைக் கொடுத்துச் சுருதி சேர்க்கச் சொல்லிவிட்டு, முன்வரிசையும் பின்வரிசையும் தெளிவாக விழ லென்ஸின் திறப்பை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி எடுக்க வேண்டும்.

கோயில் மேளத்தில் குழுவும் குடும்பமும் பல இடங்களில் ஒன்றாகவே இருக்கும்: நாகஸ்வரம் தகப்பனார், தவில் சித்தப்பா, தாளம் மகன். ஊர்வலத்தைவிட அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் எடுக்க நிறைய உண்டு. நாகஸ்வரத்தின் ஊதுநாக்கான சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்குவது, தவில்காரர் வலக்கை விரல்களில் ஒவ்வொன்றாகக் கூடு மாட்டுவது, தவில் அடிக்கும் பூவரசங்கழியை இடக்கையில் உருட்டிப் பார்ப்பது போன்றவற்றை முழங்கால் உயரத்தில் உட்கார்ந்து எடுத்தால் கையும் முகமும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும். பெரியவரிடம் முதலில் அனுமதி கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டும்.

வீட்டுக்குள் வந்தால், எல்லோரையும் சோபாவில் உட்காரவைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, அந்தக் குடும்பம் எப்படியும் செய்யப்போகிற ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொலுவையே எடுத்துக்கொள்ளலாம். பொம்மைகள் அடுக்கி முடிந்த கொலுவை எல்லோரும் எடுப்பார்கள். பரணிலிருந்து பெட்டி இறங்கி, பழைய வேட்டித் துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றிய மரப்பாச்சிகள் வெளியே வரும் வேளையைத்தான் எடுக்க வேண்டும். சுற்றிய நாளிதழின் தேதி தெரியும்படி ஒரு படம், செட்டியார் பொம்மையின் மூக்கு உடைந்ததற்கு யார் காரணம் என்ற சண்டையில் ஒரு படம். ஆண்டுதோறும் தரையில் ஒரே இடத்தில் நின்று, ஒரே லென்ஸில், படிகளுக்கு முன் நிற்கும் குழந்தைகளை எடுத்து வந்தால், பத்தாண்டில் தானாகவே ஒரு தொகுப்பு சேரும்.

குழந்தைகள் தாங்களே செய்ய ஏற்ற வேலை சயனோடைப் என்னும் நீல அச்சு. 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த இந்த முறையில், அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைப் பதித்து நூலாக்கத் தொடங்கினார். கேமரா வேண்டாம், இருட்டறை வேண்டாம். நம் ஊர் வெயில் போதும். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஆகிய இரண்டையும் தனித்தனியே நீரில் கரைத்து, பயன்படுத்தும்போது சம அளவில் கலந்து, மங்கலான விளக்கொளியில் தடித்த ஓவியத் தாளிலோ பழைய பருத்தி வேட்டியிலோ பூச வேண்டும். இந்தக் கரைசல் வேலையைப் பெரியவர்கள் கையுறையோடு செய்ய வேண்டும். சமையல் பாத்திரம் கூடாது, ஃபெரிசயனைடு அருகே அமிலம் எதுவும் இருக்கவே கூடாது.

காய்ந்த தாளின்மேல் வேப்பிலைக் கொத்தையோ முருங்கை ஈர்க்கையோ பரப்பி, கண்ணாடியால் அழுத்தி மொட்டை மாடியில் வைத்தால், உச்சி வெயிலில் பத்து நிமிடம் போலப் போதும். பூச்சு பச்சை மஞ்சளிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறியதும் எடுத்து, மஞ்சள் நீர் முழுவதும் வடியும்வரை வாளியில் அலச வேண்டும். இலை இருந்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் நீலமாகவும் எழும்பி வரும். குழந்தைகள் குனிந்து வாளிக்குள் பார்க்கும் அந்த நிமிடத்துக்காகவே நீங்கள் கேமராவோடு எதிர்ப்பக்கம் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒளிபுகும் தாளில் தாத்தாவின் படத்தை நெகட்டிவாக அச்சிட்டு வைத்தால் அவரையும் நீலத்தில் பதிக்கலாம்.

பணமும் உரிமையும் பேசாமல் வேலை தொடங்கக் கூடாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். படமெடுத்தவருக்குத்தான் உரிமை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உரிமை உங்களிடம் இருக்க வேண்டுமானால், குழு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், உங்கள் பெயர் எங்கே வர வேண்டும் என்று நாலு வரி எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். குழந்தைகள் உள்ள படத்தை இணையத்தில் போட, பெற்றோரின் சம்மதத்தோடு, கேட்டுப் புரிந்துகொள்ளும் வயதாயிருந்தால் குழந்தையின் சம்மதமும் வாங்க வேண்டும்.

ஒப்படைக்கும்போது நூற்றுக்கணக்கில் அள்ளிக் கொடுக்காமல் முப்பது படங்களைத் தேர்ந்து கொடுப்பது போதும். அவற்றில் சுவரொட்டி எழுத்துக்கு வெற்றிடம் விட்ட நெட்டுப் படம் ஒன்றும், பாடல் வெளியீட்டு அட்டைக்கு ஒரு பக்கம் 3000 பிக்சல் உள்ள சதுரப் படம் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் சுருங்கும். ஆவணமாக அனுப்ப வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் எத்தனையோ வீடுகளில் ஆல்பங்கள் ஊறி ஒட்டிப்போயின. ஆகையால் கோப்புகளுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க் வைத்து, ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் கொடுத்துவைக்க வேண்டும். அச்சிட்ட ஒரு பிரதியை வீட்டின் மூத்தவர் கையில் கொடுத்து, படத்தில் இருப்பவர்களின் பெயர்களை அவர் சொல்லச் சொல்லப் பின்பக்கம் பென்சிலால் எழுதிவிடுவதும் இதே வேலையின் பகுதிதான்.