நாற்பதுக்கு மேல் கோடிங் கற்க: செங்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு

புளியரை தாண்டிக் கேரளா போகும் லாரிகளுக்கு பில் போட்டே பாதி வயது போனவர்கள் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைக் கற்று வேலை மாற முடியுமா? தாராளமாக முடியும், ஆனால் இருக்கிற வேலையை உடனே விட்டுவிடாதீர்கள்.

முதலில் பணம் கட்டவே வேண்டாம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியலில் தமிழிலேயே பாடங்கள் உண்டு. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் வகுப்புகளும் இலவசம், தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். வேலை உத்தரவாதம் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் பக்கமே போகாதீர்கள்.

வீடியோ பார்த்தால் மட்டும் வராது. உங்கள் எக்செல் லோடு கணக்கை சிஎஸ்வி கோப்பாக (கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்து, வண்டிவாரியாக வாடகையைக் கூட்டித்தரும் சின்ன புரோகிராம் எழுதிப் பாருங்கள். "12,500" என்று கமா போட்ட தொகையை ஃப்ளோட், அதாவது தசம எண், ஆக்கப் போனால் பைத்தான் வேல்யூ எரர் என்று பிழை காட்டும், கமாவை எடுத்துவிட்டால் சரியாகிவிடும், இப்படி ஒரு பிழையை நீங்களே தேடிப் பிடித்துத் தீர்ப்பது பத்து வீடியோவுக்குச் சமம். அப்புறம் பார்ட்டி பெயர், வண்டி எண்ணையெல்லாம் நீக்கிவிட்டு புரோகிராமை கிட்ஹப்பில் (கோடை மற்றவர்கள் பார்க்கப் போட்டுவைக்கும் தளம்) போடுங்கள்.

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையிலேயே சோகோ மென்பொருள் நிறுவனம் இருக்கிறது. எங்கே விண்ணப்பித்தாலும் லாரித் தொழில் அனுபவத்தை மறைக்காமல் முதல் வரியிலேயே எழுதுங்கள்.